மூன்றாவது ஓலை

எங்கள் ஊர் மாதா கோயிலில் அப்போது இருந்த மைக்குக்குப் 'ப' வரிசை ஆகாது. 'பரிசுத்த' என்று ஆரம்பித்தாலே புஸ்ஸென்று ஊதும். பங்குச் சாமியாருக்கு அது பழகிவிட்டது. அந்த எழுத்து வருகிற இடத்தில் முகத்தை லேசாகத் திருப்பிக்கொள்வார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

நெல் அறுவடை முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குள்ளேயே வைக்கோல் வாசனை. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதால், பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கிற வேலை என் தலையில் விழுந்திருந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்துக்கொண்டு, களமருதூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம் அது.

எங்கள் சபையில் கல்யாணம் நிச்சயமானால் அடுத்தடுத்து மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பார்கள். எழுதியிருப்பது காகிதத்தில்தான். பெயர் மட்டும் இன்னும் ஓலை. முதல் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றும் வாசித்து யாரும் வாய் திறக்கவில்லை என்றால்தான் மந்திரிப்பு, அதாவது கோயிலில் தாலி கட்டுவது.

அன்று என் கையில் இருந்தது லூர்துவின் ஓலை.

"காலஞ்சென்ற அருளப்பன், மரியம்மாள் இவர்களின் மகன் லூர்துசாமிக்கும், சின்னப்பன், தெரேசம்மாள் இவர்களின் மகள்..." என்று படித்துக்கொண்டே வந்து, 'பிலோமினா' என்றேன். மைக் ஊதியது. பெண்கள் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு எழுந்தது.

நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆண்கள் பக்கம் மூன்றாவது தூண் ஓரம் லூர்து உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை, கஞ்சி மொடமொடப்பு. தலையைக் குனிந்து கால் கட்டைவிரலால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நான் பார்த்தது அவனை மட்டும்தான்.

கடைசி வரி வந்தது. "இத்திருமணத்திற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குக் குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

வெளியே வந்ததும் உபதேசியார் என் தோளைத் தட்டினார். "எல்லாம் நல்லா படிச்ச. கடேசி வரி மட்டும் காதுல வுழல. அதான்டா முக்கியம். அடுத்த வாரம் சத்தமா படி."

இன்னா இன்னாசி

லூர்துவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. வாராவாரம் எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை அவனை நான் தவிர்த்தே வந்திருக்கிறேன். கவனமான வாசகர்கள் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிய அத்தியாயத்தில் 'ஒரு நண்பன்' என்று மூன்று இடங்களில் வருவதைப் பார்த்திருக்கலாம். அந்த மூன்றும் அவன்தான்.

என் பெயர் இன்னாசி. எங்கள் பக்கத்தில் 'என்ன' என்பதை 'இன்னா' என்போம். ஆகவே லூர்து என்னைப் பார்த்ததும் "இன்னா இன்னாசி?" என்பான். ஒருநாள் தப்பாமல் சொல்வான். சொல்லிவிட்டு அவனே சிரிப்பான். நான் பின்னாளில் தமிழ் வாத்தியாராகிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழந்தமிழில் 'இன்னா' என்றால் துன்பம் தருவது. இரண்டும் எனக்குப் பொருந்தும் என்று வகுப்பில் சொல்ல முடியுமா? சிரிக்காமல் அர்த்தம் மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

லூர்து டிராக்டர் ஓட்டினான். கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவான். வேலையில்லாத நான் மட்காட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு கூடவே போவேன். டீசல் வாசனை, நசுங்கிய கரும்பின் புளித்த வாசனை, அவன் சட்டை வியர்வை. இந்த மூன்றும் கலந்த ஒன்று இன்றைக்கும் ஏதாவது ஒரு சாலையில் குறுக்கே வந்தால், நான் எதற்குக் கிளம்பினேன் என்பது மறந்துபோகும்.

ஒருமுறை ஆலை வாசலில் இரண்டு நாள் வரிசை. டிராக்டரை ஒரு தெரிந்தவன் பொறுப்பில் விட்டுவிட்டு, பஸ் ஏறித் தியாகதுருகம் மலைக்கோட்டை பார்க்கப் போனோம். பாதி ஏறும்போது என் குதிகாலில் கருவேல முள் ஏறிவிட்டது. லூர்து பாறைமேல் உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அரைஞாணில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி முள்ளை எடுத்தான். "ஆடாதடா, உள்ள முறிஞ்சிரும்" என்றான். எடுத்த இடத்தில் எச்சில் தொட்டு வைத்தான்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அன்று வீட்டுக்கு வந்து குளித்தபோது அந்தக் குதிகாலில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. அல்லது, புரியாமல் பார்த்துக்கொண்டேன். இதற்கு நான் அறிந்த வார்த்தைகள் இரண்டே இரண்டு. இரண்டும் சாராயக் கடைப் பக்கம் ஒருவனை ஒருவன் திட்டிக்கொள்கிற வார்த்தைகள். அந்த வார்த்தைகளில் இருந்த ஆள் நானில்லை. ஆகவே எனக்கு ஒன்றுமில்லை என்று கணக்கை முடித்துவிட்டேன். இப்படி ஒரு சிநேகம் யாருக்குக் கிடைக்கும் என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டேன்.

இஞ்சி டேப்

இரண்டாவது ஓலையைச் சத்தமாகவே வாசித்தேன். உபதேசியார் மெச்சினார்.

அந்த வாரம் கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுக்க லூர்து என்னைக் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப் போனான். நான்தான் மாப்பிள்ளைத் தோழன். டெய்லர் அவன் மார்பைச் சுற்றி இஞ்சி டேப்பைப் போட்டு, இழுத்து, எண்ணைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒரு பையன் எழுதிக்கொண்டிருந்தான். அந்த டேப்பின் மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு துணி நாடாவின் மேல் கோபப்படுகிற மனிதனுக்கு என்ன கோளாறு என்று நான் அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது லூர்து ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை. புதன்கெழம கல்யாணம். அப்பால இந்த ஊர் சுத்தறதெல்லாம் கம்மி பண்ணிக்கணும்டா. அவ வுட மாட்டா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஊர் வருவதற்குள் நான் கையிலிருந்த டிக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி நூலாக்கியிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் நான் சாமியார் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தோத்திரம் சாமி. ஒரு தடை இருக்குது."

"எதுக்குத் தடை?"

"லூர்து ஓலைக்கி."

அவர் ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சொல்லு."

என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே வந்து சேர்வது வரைதான் நான் யோசித்திருந்தேன். வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பாவம், அவர்தான் எனக்கு எடுத்துக்கொடுத்தார்.

"முறை தப்பிய சொந்தமா?"

"இல்ல சாமி."

"அவனுக்கு வேற எங்கயாவது தொடுப்பு இருக்கா?"

"ஐயய்யோ, அவன் அப்படிப்பட்டவன் இல்ல சாமி."

"அப்ப அந்தப் பொண்ணா?" கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். குரல் இறங்கியது. "உனக்கு அவமேல விருப்பமா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை. கேட்டவுடன் உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது. அவள்மேல் இல்லை, லூர்துமேல். வார்த்தையாகவே வந்தது. மட்காட்டின் மேல் உட்கார்ந்த நாளெல்லாம் வராத பதில், ஊக்கு குத்திய இடத்தில் எச்சில் பட்டபோதும் வராத பதில், சோப்பு நுரைக்கு நடுவில் நிற்கும்போது வந்தது. ஒரே வினாடியில் என்னை நான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட அதே வினாடியில் ஒளிவதற்கு இடம் தேடினேன்.

"அவ உனக்கு முன்னாடியே வாக்கு ஏதாவது குடுத்திருக்காளா இன்னாசி?"

நான் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினேன்.

ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தலையாட்டல்தான். நான் பொய் சொல்லவில்லையே என்று பல வருஷம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன்.

ஆமாம் என்றாள்

மறுநாள் என்னிடம் வந்த தாளில் மூன்றாவது ஓலை குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. ஞானோபதேசப் பரீட்சை, நோயாளிகள் பெயர் என்று மற்றதையெல்லாம் வாசித்தேன். முடித்துவிட்டுத் தாளை மடித்தபோது கோயிலில் ஒரு தும்மல் சத்தம்கூட இல்லை.

பிலோமினாவின் அப்பா சின்னப்பனை சாமியார் கூப்பிட்டுப் பேசினார். அவர் நல்லவிதமாகத்தான் பேசியிருப்பார். வீட்டுக்குள் அது மாட்டுக்கயிறாக மாறியது. எங்கே பார்த்தாய், எப்போது பேசினாய், யார் தூது என்று அப்பாவும் அண்ணனும் மாறி மாறிக் கேட்டிருக்கிறார்கள். முதல் நாள் முழுக்க, இல்லவே இல்லை என்றாளாம். இரண்டாம் நாள், "ஆமா, குடுத்தேன்" என்று சொல்லிவிட்டாளாம். எங்கள் தெருவில் இதை என் அம்மாவிடம் வந்து சொன்னார்கள். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு ஓடிப்போய் உண்மையைச் சொல்லவில்லை. எழுந்து போய் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் லூர்து வந்தான். அன்று மட்டும் "இன்னா இன்னாசி" இல்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேனேடா. உன்ன வுடவா எனக்கு ஒரு பொண்ணு பெருசு?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "நடுவுல பூந்தது நான்தான் போல. மனசுல வெச்சிக்காத."

நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தையை வேறு எதற்காகவோ சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டு ஒரு நிமிஷம் எனக்கு இனித்தது. அந்த நிமிஷத்தை நினைத்தால்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஜாஸ்தி வெட்கமாக இருக்கிறது.

அடுத்து நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். சின்னப்பனும் இரண்டு பெரியவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "ஆனது ஆயிப்போச்சி. நீயே கட்டிக்க தம்பி" என்றார் சின்னப்பன், என் முகத்தைப் பார்க்காமல். அம்மா காப்பி கொடுத்தாள். "வேலை உத்தரவு வரட்டும்" என்றேன். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

உத்தரவு வெள்ளிமலைக்கு வந்தது.

மலைக்கு நான் பஸ் ஏறிப் போனதையும், வளைவுகளில் வாந்தி எடுத்ததையும், சாமை வயலுக்கு நடுவில் பள்ளிக்கூடத்தைக் கண்டு அசந்து நின்றதையும் முன்பு ஒரு வாரம் ரசித்து ரசித்து எழுதியிருந்தேன். அந்த பஸ்ஸில் நான் தப்பி ஓடிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் எழுதவில்லை. பொங்கலுக்கு வந்து கல்யாணத்தை வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஈஸ்டருக்கு என்றேன். மூன்றாவது வருஷம் கீழே இருந்தவர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். இதற்கிடையில் லூர்து வேறு ஊரில் பெண் எடுத்தான். தோழனாக நின்றவன் நானேதான்.

தோற்ற காதலன்

மலைமேல் ஒண்டிக்கட்டை வாத்தியாரைச் சும்மா விடுவார்களா? "ஏன் சார் கல்யாணம் பண்ணிக்கல?" என்று ஆசிரியர் அறையில் வருஷத்துக்கு ஒரு முறையாவது கேட்பார்கள். தேன் கொண்டுவந்து கொடுக்கிற மலைக்காரர் ஒருவர், "வாத்தியாருக்கு ஒடம்புல ஏதாச்சும் கொறயா?" என்று அக்கறையாகவே கேட்டார்.

"ஒரு பொண்ணு வாக்குக் குடுத்துட்டு மாறிட்டா" என்றேன்.

இது நன்றாக வேலை செய்தது. அதற்கப்புறம் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். பாவம், நல்ல மனுஷன் என்றார்கள். பிலோமினாவின் பெயரைக் கம்பளியைப்போல் போர்த்திக்கொண்டு அத்தனை குளிர்காலத்தையும் ஓட்டினேன்.

எனக்கான வார்த்தை வந்தது மிகவும் பிந்தி. ஆணும் ஆணும் விரும்புவது குற்றமில்லை என்று சட்டம் மாறியபோது தொலைக்காட்சியில் விவாதம் நடந்தது. 'தன்பாலீர்ப்பு' என்றார்கள். தன், பால், ஈர்ப்பு என்று மனத்துக்குள் பிரித்துப் பார்த்தேன். ஆண்பால், பெண்பால் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவனுக்கு இது தெரியாமல் போயிற்றே என்றிருந்தது. ஆசிரியர் அறையில் ஒருவர் அதைக் கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது அதைவிடக் கேவலமான ஒன்று. சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில், நான் தனியாக வாழ்ந்ததற்குக் காரணமாக ஒரு வரி எழுதினேன்: 'எனக்கு வாக்களித்த ஒரு பெண் அதைக் காப்பாற்றவில்லை.' ஓய்வு பெற்று, தலை நரைத்து, யாருக்கும் பயப்படத் தேவையில்லாத வயதில், கேட்பார் இல்லாமலே எழுதினேன். ஆறுதல் சொல்லி வாசகர்கள் கடிதம் போட்டீர்கள். அவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சிரிப்பு

பத்திரிகை அலுவலகத்தில் எண் வாங்கி ஒரு பெண் போன் செய்தாள். "எங்கம்மா உங்களப் பாக்கணும்ங்கறாங்க சார். தியாகதுருகம். அம்மா பேரு பிலோமினா."

போனேன். கோட்டை மலை தெரிகிற தெருவில் வீடு. முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு தையல் மெஷின். நாற்பதை நெருங்கும்போது இரண்டு பிள்ளைகள் இருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு, அவரும் போய், அந்தப் பிள்ளைகளைத் தைத்தே வளர்த்திருக்கிறாள். போன் செய்தது அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான். காப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"குந்துங்க வாத்தியாரே" என்றாள் பிலோமினா. மடியில் ஒரு பள்ளிக்கூடச் சட்டை இருந்தது. பட்டன் டப்பாவைத் திறந்து, மடித்து வைத்திருந்த பத்திரிகைத் தாளை எடுத்து நீட்டினாள். "இது நான்தானே?"

"ஆமா."

"எப்ப குடுத்தேன் வாக்கு?"

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"எங்கப்பா கேட்டாரு. எங்கண்ணன் கேட்டுச்சி. அடி தாங்க முடியாம குடுத்தேன்னுட்டேன். அப்பால நானே தேட ஆரமிச்சேன். வாத்தியாரு சாமியாருகிட்ட போயி பொய் சொல்ற ஆளு கெடையாதே, நாமதான் ஏதோ பண்ணியிருக்கோம்னு. தண்ணிக்கு போவ சொல்ல பாத்தனா, களத்துல பாத்தனான்னு. எத்தினி வருசம். கடேசில ஒண்ணு ஆப்புட்டுச்சி." தலையைத் தூக்கினாள். "நீங்க ஓலை படிக்க சொல்ல என் பேருல மைக்கு ஊதிச்சி. நான் சிரிச்சிட்டேன். உங்கள பாத்துக்கினே சிரிச்சேன். அந்த சிரிப்புதான?"

அந்த மைக்கை நான் மறந்தே போயிருந்தேன். அவள் முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"இல்ல பிலோமினா. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. நீ சிரிச்சது எனக்குத் தெரியாது." அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "நான் லூர்துவப் பாத்துக்கினு இருந்தேன். எனக்கு அவன்மேலதான். உன்மேல எப்பவும் இல்ல."

வாய்விட்டு இதை நான் சொன்ன முதல் ஆள் அவள். லூர்துவிடம் சொன்னதில்லை. இரண்டு வருஷம் முன்பு அவன் சாகும்வரை "இன்னா இன்னாசி"தான்.

பிலோமினா சட்டையைப் புரட்டி, பட்டன் இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரப் பாத்தா எனக்கு இன்னா?" என்றாள் கடைசியில். "என்னிய பாக்கலன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா போதுமே."

"மன்னிச்சிரு" என்றேன். எனக்கே அது சப்பென்று கேட்டது.

"அதெல்லாம் சாமியாருகிட்ட கேளுங்க. எனக்கு வாணாம்." பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "ரெண்டு தபா மைக்குல படிச்சீங்க. தடைய மட்டும் காதோட காதா சொன்னீங்க. அத எல்லாருக்கும் கேக்கற மாதிரி எழுதுங்க. எம்பேரு போட்டு எழுதுங்க. மாத்தி கீத்தி வெக்காதீங்க."

அவள் பிள்ளைகள், லூர்துவின் பிள்ளைகள் எல்லோரையும் நினைத்து இந்த அத்தியாயத்தில் மற்றப் பெயர்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவள் பெயரையும் அவளைப் பெற்றவர்கள் பெயரையும் மாற்றவில்லை.

அன்று அடித்துவிட்ட மூன்றாவது ஓலைக்குப் பதிலாக இது. உபதேசியார் சொன்னபடி கடைசி வரியைச் சத்தமாகவே வாசிக்கிறேன்.

காலஞ்சென்ற சின்னப்பன், தெரேசம்மாள் இவர்களின் மகள் பிலோமினா எனக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. என்னிடம் பேசியதில்லை. அவள் சிரித்தது மைக் ஊதியதற்காக. தடை அவளிடம் இல்லை, என்னிடம் இருந்தது. அதை அறிந்தவன் நான் ஒருவன்தான். தெரிவிக்கக் கடமைப்பட்டிருந்தேன். தெரிவிக்கவில்லை.